டீ வந்ததும் கூட்டம் காலி: விவசாயிகளிடம் எப்படிப் பேசினால் உட்கார்ந்து கேட்பார்கள்?

கரிசல்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேளாண்மையில் பட்டம் முடித்துவிட்டு, பெரம்பலூர் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. ஊர் ஊராகப் போய் மக்காச்சோளப் படைப்புழுவைப் பற்றி விவசாயிகளுக்குச் சொல்வதுதான் இந்தப் பருவத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை. போன வியாழக்கிழமை முதல் கூட்டம். அது நடந்த லட்சணத்தை அப்படியே எழுதுகிறேன். எங்கே கோட்டை விட்டேன் என்று சொல்லுங்கள்.

மதியம் மூன்று மணி, சமுதாயக்கூடம். கையெழுத்து நோட்டின்படி வந்தவர்கள் 43 பேர். என் கையில் 38 ஸ்லைடு. ப்ரொஜெக்டர் வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலைச் சாத்தினோம். அப்புறமும் தெரியவில்லை என்று கதவையும் சாத்தினோம். இருந்த இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடவில்லை. புழுவின் விஞ்ஞானப் பெயரில் ஆரம்பித்தேன். அமெரிக்கக் கண்டத்துப் புழு, 2016-ல் ஆப்பிரிக்காவுக்கு வந்தது, 2018-ல் கர்நாடகத்தில் கண்டுபிடித்தார்கள், அதே வருடம் நம் பக்கமும் வந்துவிட்டது என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

நாலாவது ஸ்லைடு வாழ்க்கைச் சுழற்சி. முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி, சுற்றிவர அம்புக்குறி. முன்வரிசையில் இருந்த தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பதற்றம் வந்து வேகமாகப் பேச ஆரம்பித்துவிட்டேன். பதினோராவது ஸ்லைடில் ஒருவர் எழுந்து, “அதெல்லாம் இருக்கட்டும்மா, போன வருசத்து இன்சூரன்ஸ் பணம் எப்ப வரும்?” என்றார். அடுத்த பத்து நிமிடம் கூட்டத்துக்கு உயிர் வந்தது. என்னைத் தவிர எல்லோரும் பேசினார்கள். ஒரு வழியாக மறுபடி ஸ்லைடுக்கு இழுத்து வந்தேன். டீ வந்தது. டம்ளரோடு வெளியே போனவர்கள் திரும்பி வரவே இல்லை. மருந்து அளவு அட்டவணை கடைசி ஸ்லைடில் இருந்தது. முக்கியமானதே அதுதான். அதைப் போட்டபோது உள்ளே இருந்தது ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் எங்கள் அலுவலக ஆட்கள், ஒருவன் டீ கொண்டுவந்த பையன்.

இதைவிட வலித்தது ஒன்று உண்டு. எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் கூடி நிற்கிறார்கள். நடுவில் ஒருவர் கையில் பக்கத்துக் காட்டில் பிடுங்கிய சோளக் குருத்து. அதைப் பிரித்துப் பிரித்து அதே புழுவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்! துண்டு போட்டுத் தூங்கிய தாத்தாதான் அதில் சத்தமாகப் பேசியவர்.

இன்னும் பன்னிரண்டு நாளில் அடுத்த ஊரில் கூட்டம். எங்கள் சி.இ.ஓ. “வீடியோ சேர்த்துக்கோ, நடுவுல ஜோக் சொல்லு” என்கிறார். கல்லூரியில் பேச்சுப்போட்டிப் பரிசெல்லாம் வாங்கியவள் நான். இந்த 43 பேர் முன்னால் அது எதற்கும் உதவவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

*

கீபோர்டு கந்தன் எழுதியது:

நான் மென்பொருள் நிறுவனத்தில் வாரத்துக்கு மூன்று பிரசண்டேஷன் கொடுக்கிறவன். 38 ஸ்லைடு ரொம்ப அதிகம், பத்தாக்குங்கள். எழுத்தைக் குறைத்துப் படத்தைப் பெரிதாக்குங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை க்யூஆர் கோடு போட்டு போனிலேயே வாக்கெடுப்பு நடத்தினால் ஆட்கள் விழித்திருப்பார்கள், எங்கள் அலுவலகத்தில் நன்றாக வேலை செய்கிறது. முக்கியமானதைக் கடைசி ஸ்லைடில் வைக்காதீர்கள். கடைசி ஸ்லைடை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

*

கரிசல்காரி எழுதியது:

நன்றி அண்ணா. பத்தாகக் குறைப்பதும், முக்கியமானதை முன்னால் கொண்டுவருவதும் சரி. க்யூஆர் கோடுதான் கஷ்டம். வந்தவர்களில் பாதிப் பேரிடம் பட்டன் போன். மீதிப் பேரின் போன் பேரன் கையில் இருக்கிறது.

*

பழைய ஏ.ஏ.ஓ. எழுதியது:

அம்மா, நான் உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளில் ‘பயிற்சியும் பார்வையும்’ திட்டம் இருந்த காலம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்கள். அதை நாங்கள் சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

1984 குறுவைக்கு முன்னால், திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமம். விதைத் தேர்வு பற்றிப் பேச வேண்டும். காலண்டர் மாதிரி புரட்டுகிற படத்தாள்கள் வைத்திருந்தேன். இருபது நிமிடம் பேசினேன். உங்கள் ஊர்க்காரர்கள் பரவாயில்லை, எழுந்து போய்விட்டார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் யாரும் எழுந்து போகமாட்டார்கள். வெற்றிலையை மடித்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே, சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட உள்ளே விடமாட்டார்கள். முடிந்ததும் “நல்லா பேசுனீங்க தம்பி” என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை போனபோது, விதையை உப்புக் கரைசலில் போட்டுப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை.

சரி என்று அடுத்த ஊரில் படத்தாளை எடுக்கவே இல்லை. ஒரு வாளித் தண்ணீர், ஒரு பை கல்லுப்பு, ஒரு கோழிமுட்டை. கோயில் திண்ணையில் வைத்துச் செய்து காட்டுவதாக ஏற்பாடு. முறை இதுதான்: நல்ல முட்டையை வெறும் தண்ணீரில் போட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பைப் போட்டுக் கலக்கக் கலக்கத் தண்ணீர் கனத்து முட்டை மேலே வரும். முட்டையின் தலை நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் கரைசல் பதம். அதில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும், முற்றிய மணி அடியில் தங்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெட்டுவிடும்.

நான் முட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு, “இப்ப பாருங்க, வெறும் தண்ணியில இது முழுகிடும்” என்று சொல்லிப் போட்டேன். மிதந்தது! ஒரு கல் உப்புகூட இன்னும் போடவில்லை. திண்ணையில் ஒரு கணம் சத்தமே இல்லை. அப்புறம் பின்னால் இருந்து ஒரு கிழவி, “சார் கொண்டாந்தது கூமுட்டைடா!” என்றாளே பார்க்கலாம். ஊரே சிரித்தது. எனக்கு அப்போது வயது 24, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

அந்தக் கிழவியே எழுந்து வீட்டுக்குப் போய், அன்று காலையில் இட்ட முட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது முழுகியது. இப்போது வாளியைச் சுற்றி ஆள் நெருக்கியடித்தது. நான் உப்புப் போடவே இல்லை, அவர்களே போட்டார்கள். “இன்னொரு கை போடு”, “ஏய் கொஞ்சம் பொறு, கரையட்டும்”, “அசையுது பார், அசையுது!” இரண்டு பேர் பந்தயம் கட்டிவிட்டார்கள். முட்டை மேலே வந்து நாலணா அளவு தலை காட்டியபோது கிழவி “எங்க வீட்டு முட்டை!” என்றாள் பெருமையாக. விதையைக் கொட்டினோம். மேலே மிதந்த பதரைப் பார்த்து ஒருவர், “இவ்வளவையுமா நாத்தங்கால்ல கொட்டிக்கிட்டிருந்தோம்?” என்றார். நான் சொல்ல வேண்டிய வாக்கியம் அது. அவர் வாயில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வேலையில் இருந்த வரைக்கும் முட்டையை நான் கொண்டுபோனதே இல்லை. ஊரில்தான் கேட்டு வாங்குவேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மரத்தடியில் குருத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதினீர்களே, நீங்கள் நடத்தியிருக்க வேண்டிய கூட்டம் அதுதான். புழு பத்தடி தூரத்தில் உயிரோடு இருக்கும்போது கதவைச் சாத்தி இருட்டில் அதன் படத்தைக் காட்டியிருக்கிறீர்கள். அப்புறம், இன்சூரன்ஸ் கேள்வி கேட்டவரைப் பற்றிக் கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். அவரை அடக்கப் பார்க்காதீர்கள். வயிற்றில் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு புழுவைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். முதலிலேயே ஒரு தாளில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி, “இதை விசாரித்து இன்ன கிழமை சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். சொன்ன கிழமை உண்மையிலேயே போய்ச் சொல்லுங்கள், “இன்னும் தெரியவில்லை” என்பதே பதிலாக இருந்தாலும்.

மருந்து அளவை அட்டவணையில் போடாதீர்கள். லிட்டருக்கு 0.4 கிராம் என்றால் யாருக்கு என்ன தெரியும்? பத்து லிட்டர் டேங்குக்கு எவ்வளவு என்று கையில் காட்டுங்கள். ஜோக் வேண்டாம். உங்களுக்கும் ஒரு கூமுட்டை தானாகவே வந்து சேரும்.

*

மானாவாரி எழுதியது:

நான் கூட்டத்தில் உட்காருகிற ஆள், ஆறு ஏக்கர் சோளம், கொஞ்சம் பருத்தி. எங்கள் பக்க நியாயத்தையும் கேட்டுக்கொள் தங்கச்சி.

முதலில் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தது யார்? நாலரைக்கு சொசைட்டியில் பால் ஊற்ற வேண்டும். அதற்கு முன் மாட்டைப் பிடித்துக் கட்டி, கழுவிக் கறக்க வேண்டும். டீ வந்ததும் போனார்கள் என்று எழுதியிருக்கிறாய். டீ வந்ததால் போகவில்லை, நேரமானதால் போனார்கள். டீக்காக அதுவரை இருந்தார்கள் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்.

இரண்டாவது, எங்களை எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? ஒருத்தர் பேனர் கட்டுவார், நோட்டில் கையெழுத்து வாங்குவார், நின்று போட்டோ எடுப்பார், கிளம்பிவிடுவார். ஒரு தடவை ஒரு நிறுவனத்துக்காரர்கள் வந்து, சோளத்துக்கான கூட்டம் என்று சொல்லிவிட்டு நெல் படத்தை ஓட்டினார்கள். அதற்கும் கையெழுத்துப் போட்டோம். அதனால் பேனரைப் பார்த்தாலே எங்களுக்குக் கண் சொருகும்.

மூன்றாவது, வந்த 43 பேரில் பெண்கள் எத்தனை பேர்? நீ எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், ஐந்தாறு பேருக்கு மேல் இருக்காது. களை எடுக்கிறவர்கள் அவர்கள், குருத்தைக் கிட்டத்தில் பார்க்கிறவர்களும் அவர்கள்தான். எங்கள் வீட்டில் புழு விழுந்ததை முதலில் பார்த்துச் சொன்னது என் மனைவி. நான் “பனியில வெளுத்திருக்கும்” என்று சொல்லி நாலு நாளைக் கோட்டை விட்டேன். அவர்கள் வர வேண்டும் என்றால் நூறு நாள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வைக்க வேண்டும். காலையில் பால் ஊற்றிவிட்டு சொசைட்டி வாசலில் சும்மா நிற்கிற அரைமணி நேரம் இருக்கிறது, அதைப் பிடி.

கடைசியாக ஒரு கேள்வி. இதற்கு உன் 38 ஸ்லைடில் பதில் இருந்ததா பார். ஒரு முட்டைக் குவியலில் நூறு இருநூறு குஞ்சுப் புழு வருகிறது. ஆனால் வளர்ந்த புழுவைத் தேடிக் குருத்தைப் பிரித்தால் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கிறது. மீதியெல்லாம் எங்கே போயிற்று? இதை இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மரத்தடியில் நாங்கள் பேசுவதும் இந்த மாதிரிதான்.

*

கரிசல்காரி எழுதியது:

அண்ணா, பெண்கள் நாலு பேர். அதில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் 26-ஆவது ஸ்லைடில் ஒரு வரியாக இருந்தது! குஞ்சாக இருக்கும்போதே நூல் விட்டுக் காற்றில் பக்கத்துச் செடிகளுக்குப் போய்விடும். ஒரே குருத்தில் மிஞ்சுகிறவை கொஞ்சம் வளர்ந்ததும் ஒன்றையொன்று தின்றுவிடும். வலுத்தது மட்டும் நிற்கும். நான் அதைப் படித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

*

மானாவாரி எழுதியது:

தன் இனத்தையே தின்கிறதா? இதை முதலில் சொல்லியிருந்தால் நான் பாலை லேட்டாக ஊற்றியிருப்பேன்.

*

குடத்துக்காரன் எழுதியது:

எனக்கு விவசாயம் தெரியாது, தென்காசிப் பக்கம் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவன். கோயில் கொடையில் ராத்திரி முழுக்க ஆட்களை உட்காரவைப்பதுதான் எங்கள் பிழைப்பு என்பதால் இரண்டு வார்த்தை.

வில்லுப்பாட்டில் புலவர் தனியாகப் பேசுவதே கிடையாது. அவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருக்கிற நாங்கள் “ஆமா” போடுவோம், அவர் சொன்னதைத் திருப்பிக் கேட்போம், “அதெப்படிண்ணே?” என்று இடையில் மடக்குவோம். கேட்கிறவன் மனசில் வருகிற சந்தேகத்தை அவன் கேட்பதற்கு முன்னால் நாங்கள் கேட்டுவிடுவோம். பத்மஸ்ரீ வாங்கிய சுப்பு ஆறுமுகம் ஐயா கதைகளைக் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு பெரிய விஷயத்தையும் பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற மாதிரிதான் கொண்டுபோவார். நீங்கள் 43 பேரையும் ஒரேயடியாகப் பார்த்துப் பேசியிருக்கிறீர்கள். ஊரில் யாராவது ஒருத்தரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவரிடம் பேசுங்கள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிக்குக் கூட்டம் சாய ஆரம்பித்தால் எங்கள் அண்ணாவி, அதாவது குழுத் தலைவர், சத்தத்தைக் கூட்டமாட்டார், குறைப்பார். குடம் நிற்கும், உடுக்கை நிற்கும், வில்லுமணி மட்டும் லேசாக. தூங்கினவன் என்னாச்சு என்று தலையைத் தூக்குவான். நீங்கள் தாத்தா தூங்கியதும் வேகம் பிடித்தீர்களே, அது தாலாட்டை வேகமாகப் பாடின மாதிரி.

*

கரிசல்காரி எழுதியது (பதினான்கு நாள் கழித்து):

கூட்டம் முடிந்தது. எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், இதோ.

காலை 6:45, பால் சொசைட்டி வாசல். எதிரிலேயே 25 நாள் பயிர். ப்ரொஜெக்டர் இல்லை, மைக் இல்லை. வந்தவர்கள் 31 பேர், அதில் பெண்கள் 14. முதல் நாள் சாயங்காலம் அதே காட்டில் ஓரளவு வளர்ந்த புழு ஆறு பிடித்து, அம்மாவின் ஊறுகாய் டப்பாவில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு வைத்திருந்தேன். இலை எதுவும் வைக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் திறந்து பார்க்கவும் பயம், ஆறும் அப்படியே இருந்தால் என்ன செய்வது?

சொசைட்டி செயலாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன், குடத்துக்காரர் அண்ணன் சொன்ன மாதிரி. அவரிடம் டப்பாவைக் கொடுத்து, “நேத்து இதுல ஆறு புழு போட்டேன்ணே. இப்ப எத்தனை இருக்கும்?” என்றேன். அவர் “ஆறு” என்றார். பின்னால் ஒருவர், “பன்னெண்டு, ராத்திரியில குட்டி போட்டிருக்கும்” என்றார். ஓர் அக்கா “எல்லாம் செத்திருக்கும்” என்றார். வணக்கம்கூட நான் இன்னும் சொல்லவில்லை, ஆளாளுக்கு ஒரு எண் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செயலாளரே மூடியைத் திறந்தார். மூன்று முழுசாக, நாலாவது பாதி. அந்தப் பாதியை இன்னொன்று அப்போதும் தின்றுகொண்டிருந்தது. டப்பா கை மாறிக் கை மாறிப் போனது. ஐந்து நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

புழுவை அடையாளம் காட்ட, போன தடவை ‘தலையில் தலைகீழ் ஒய் எழுத்து’ என்று ஸ்லைடில் போட்டிருந்தேன். இந்தத் தடவை லென்ஸைக் கொடுத்து என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். ஒரு பையன் “கவட்டை” என்றான். தலைகீழாகப் பிடித்த கவட்டைதான் அது, எனக்குத் தோன்றவே இல்லை. வால் பக்கம் சதுரமாக இருக்கும் நாலு கரும்புள்ளியைப் பார்த்து ஓர் ஆயா, “நாலு புள்ளிக் கோலம் போட்டிருக்கு” என்றார். இனிமேல் எல்லா ஊரிலும் கவட்டையும் கோலமும்தான்.

அப்புறம் காட்டுக்குள் இறங்கினோம். இலையில் பஞ்சு ஒட்டின மாதிரி இருந்த முட்டைக் குவியலை ஓர் அக்காதான் கண்டுபிடித்தார். இத்தனை நாள் அதைப் பூஞ்சணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். “இதைக் கையால நசுக்கிட்டா அத்தனையும் போச்சா?” என்று கேட்டுக்கொண்டே நசுக்கினார். பகலில் புழு குருத்துக்குள் பதுங்கியிருக்கும், அதனால் காலையிலோ சாயங்காலமோ, முனையைக் குருத்துக்கு நேராகப் பிடித்து அடிக்க வேண்டும் என்பதைச் செயலாளர் வெறும் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு நடித்துக் காட்டினார்.

மருந்து அளவுக்கு ஏ.ஏ.ஓ. ஐயா சொன்னதை வைத்து ஒன்று செய்தேன். எமாமெக்டின் பென்சோயேட் என்ற புழு மருந்து பத்து லிட்டருக்கு 4 கிராம். மருந்துக்குப் பதிலாகத் தூள் உப்பையும், எங்கள் அலுவலகத்தில் மாதிரி நிறுக்கிற சின்னத் தராசையும் கொண்டுபோயிருந்தேன். “4 கிராம்னு நீங்க நினைக்கிறதை எடுத்து வைங்க” என்றேன். மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் வைத்தது 9 கிராம், அடுத்தவர் 11, மூன்றாமவர் 6. பதினொன்று வைத்தவரின் மனைவி, “மருந்துக்கடைக்குக் கொடுத்த காசுல ஒரு கிராம் வாங்கியிருக்கலாம்” என்றார். அவர் மருந்து கிராமைச் சொல்லவில்லை, தங்கத்தைச் சொன்னார்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். செயலாளரிடம் “இடையில் கேள்வி கேளுங்கள்” என்று சொல்லிவைத்தது வினையாகப் போயிற்று. ஒவ்வொரு வரிக்கும் “அப்புறம்?” “அப்புறம்?” என்று ஆரம்பித்துவிட்டார். மூச்சு விடக்கூட இடமில்லை. கூட்டம் எனக்காகச் சிரித்ததா அவருக்காகவா தெரியவில்லை. ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறியைப் பற்றிப் பேசத் தொடங்கினபோது எனக்கே தெரியாமல் பழைய ஸ்லைடுக் குரல் வந்துவிட்டது. உடனே ஏழெட்டுப் பேர் தூக்குவாளியைத் தேட ஆரம்பித்தார்கள். அதைப் பாதியில் விட்டுவிட்டேன். மைக் இல்லாததால் பின்னால் நின்றவர்களுக்கு முதல் பகுதி சரியாகக் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

இன்சூரன்ஸ் கேள்வி இந்த ஊரிலும் வந்தது. தாளில் எழுதி சொசைட்டிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன், வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக. பழைய ஊருக்கும் போய் அதே மாதிரி எழுதி ஒட்டினேன். துண்டுத் தாத்தா அங்கே இருந்தார். “இன்னைக்குப் படம் இல்லையா?” என்றார்.

பேனரும் போட்டோவும் அலுவலகத்துக்கு வேண்டும், தவிர்க்க முடியாது. கடைசியில் எடுத்தோம். எட்டரைக்குப் பெண்கள் கிளம்பிவிட்டதால் போட்டோவில் ஆண்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். சி.இ.ஓ. அதைப் பார்த்துவிட்டு, “பெண்கள் யாரும் வரலையா?” என்று கேட்டார்.

*

பழைய ஏ.ஏ.ஓ. எழுதியது:

பொறி விஷயத்தைப் பாதியில் விட்டதுதான் நீங்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அம்மா. அதைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். பொறியைக் கையில் கொண்டுபோங்கள், ராத்திரி விழுந்த பூச்சியை அவர்களே எண்ணட்டும். ஒரு சந்தேகம், அந்த ஊறுகாய் டப்பா என்ன ஆயிற்று?

*

கரிசல்காரி எழுதியது:

கழுவி, வெயிலில் காயவைத்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன் ஐயா. அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, மறுநாள் அது என் பைக் பெட்டியில் கிடந்தது, “இனி இது உன்னோடது” என்ற சீட்டோடு. செவ்வாய்க்கிழமை அடுத்த ஊர்.